புட்டத்துல இருந்து பாதம் வரைக்கும் இழுக்குது, இது சதை வலியா நரம்பு வலியா?

பவர்டேபிள்_திருப்பூர்:
வணக்கம்ங்க எல்லாருக்கும். பனியன் கம்பெனில ஓவர்லாக் ஓட்டறேன், வயசு 38. ஒரு மாசம் முன்னாடி வலது புட்டத்துல லேசா ஒரு வலி ஆரம்பிச்சுது. நாள் முழுக்க ஒரே பக்கமா உக்காந்து பெடல் மிதிக்கறோமே, சதை புடிச்சிருக்கும்னு கண்டுக்கல. அப்பறம் தொடைக்குப் பின்னாடி இறங்குச்சு, இப்ப முழங்கால் தாண்டி கெண்டைக்கால் வெளிப்பக்கமா போய் பாதத்து மேல வரைக்கும் வருது. எப்பவும் ஒரே மாதிரி இல்லீங்க, சில நேரம் மந்தமா ஒரு கடுகடுப்பு, சில நேரம் சுளீர்னு கரண்ட் அடிக்குது, தும்மினா அன்னைக்கு அவ்வளவுதான். பைக்ல போறப்ப வேகத்தடைய பாத்தாலே பயமா இருக்கு.

கம்பெனில ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. லைன் சூப்பர்வைசர் சதைப் பிடிப்புதான், சுளுக்கு எடுத்தா சரியாப் போயிரும்ங்கறாரு. வீட்ல அம்மா நரம்பு சுண்டிருச்சு, எண்ணெய் போட்டு உருவி விடறேன்னு நிக்கறாங்க. புட்டத்துல ஒரு இடம் இருக்கு, கட்டைவிரல் வச்சு அமுக்கினா உசுரு போகுது, அதனால எனக்கும் சதைதானோன்னு தோணுது. இது ரெண்டுல எதுன்னு நாமளே கண்டுபிடிக்க வழி இருக்குங்களா? எந்த டாக்டர்கிட்ட போறது, எலும்புக்கா நரம்புக்கா? பீஸ் ரேட்டுங்க, லீவு போட்டா அன்னைக்குக் காசு இல்ல, அதனாலதான் கேட்டுட்டு போலாம்னு.

வைகைக்கரை:
அண்ணே பயப்படாதீங்க, எங்க ஊர் பக்கம் இதுக்கு ஒரே வைத்தியம்தான், காலு வழியா பொறந்தவங்க யாராச்சும் இருந்தா கூப்பிட்டு இடுப்புல எட்டி மிதிக்கச் சொல்லுங்க, பிடிப்பு அப்பவே விட்டுரும். என் சித்தப்பாவுக்கு அப்படித்தான் போச்சு. இல்லன்னா மெடிக்கல்ல நரம்பு ஊசின்னு கேளுங்க, சிவப்பா இருக்கும், ஒரு கோர்ஸ் போட்டா நரம்பு தெம்பாயிரும்.

பிசியோ_அக்கா:
மேல சொன்ன மிதிக்கிற வைத்தியத்த தயவுசெஞ்சு பண்ணிடாதீங்க. வெறும் சதைப் பிடிப்பு தானா விடற நேரத்துல மிதிச்சிருப்பாங்க, பேரு மிதிச்சவருக்குப் போயிருக்கும். முதுகெலும்புக் கட்டைங்களுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கற டிஸ்க் பிதுங்கி நரம்ப அழுத்திட்டு இருக்கறப்ப இடுப்புல ஒரு உதை விட்டா என்னாகும்னு நான் சொல்லணுமா.

தம்பி, நீங்க எழுதின விவரத்துலயே பாதி பதில் இருக்கு. முதல்ல அந்த அமுக்கினா வலிக்கிற இடத்த வச்சு முடிவு கட்டாதீங்க, இதுலதான் நிறைய பேரு தடுமாறுறாங்க. காலுக்குப் போற பெரிய நரம்பு, சயாட்டிக் நரம்பு, புட்டத்துல பிரிஃபார்மிஸ்னு ஒரு சின்ன தசைக்கு அடியிலதான் போகுது. சதை இறுகியிருந்தாலும் அந்த இடம் வலிக்கும், நரம்பு புண்பட்டிருந்தாலும் அதே இடம்தான் வலிக்கும். போதாததுக்கு நரம்பு எரிச்சலானா அத சுத்தி இருக்கற தசைங்க தானா இறுகிக்கும், அப்ப ரெண்டு வலியும் சேர்ந்தே இருக்கும். அதனால அமுக்கிப் பாக்கறத விட்டுட்டு வலி எந்த வழியா போகுது, மரப்பு இருக்கா, பலம் குறைஞ்சிருக்கா, இந்த மூணத்தான் பாக்கணும்.

சதை வலிக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் சொல்ல முடியும், அரிசி மூட்டை தூக்கினேன், புதுசா ஜிம் போனேன், கபடி ஆடினேன்னு. பழக்கமில்லாத வேலை செஞ்சா மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும்தான் வலி உச்சத்துல இருக்கும், அப்பறம் தானா இறங்கும். எங்க வலிக்குதுன்னு கேட்டா உள்ளங்கைய வச்சு இந்த இடம்னு மூடிக் காட்டுவாங்க. அந்த தசைக்கு வேலை குடுத்தா வலிக்கும், ஓய்வு குடுத்தா அடங்கும், வெந்நீர் ஒத்தடம் இதமா இருக்கும். மரத்துப் போகாது.

நரம்பு வலிய கேட்டா ஒத்த விரலால மேல இருந்து கீழ கோடு இழுத்துக் காட்டுவாங்க. நீங்க எழுத்துலயே அப்படித்தான் காட்டியிருக்கீங்க. தும்மல், இருமல், முக்கி மலம் கழிக்கறது, இதுல எல்லாம் முதுகுத்தண்டுக்குள்ள அழுத்தம் ஏறும், அதனாலதான் சுளீர்னு அடிக்குது. ராத்திரி படுத்தாலும் விடாம நச்சரிக்கறது நரம்பு வலில ரொம்ப சகஜம். புட்டத்துல இருக்கற சில தசைங்களும் தொடை வரைக்கும், சில சமயம் அதுக்குக் கீழயும் வலிய அனுப்பும், அத நான் மறுக்கல, ஆனா மரப்பும் பலக்குறைவும் சேர்ந்தா அது சதை இல்ல.

கோடு எந்தப் பக்கம் போகுதுங்கறதும் முக்கியம். முதுகெலும்புல இருந்து காலுக்குப் பிரியற நரம்பு வேருங்களுக்கு மேல இருந்து கீழ எல்4, எல்5, எஸ்1னு பேரு. எல்4 வேர்ல கோளாறுன்னா தொடை முன்பக்கம், முழங்கால், முழங்காலுக்குக் கீழ உள்பக்கம். எல்5ன்னா கெண்டைக்கால் வெளிப்பக்கம், பாதத்து மேல்பக்கம், பெருவிரல். எஸ்1ன்னா கெண்டைக்கால் பின்பக்கம், குதிகால், சுண்டுவிரல் பக்கம். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.

வீட்லயே பாக்கற மாதிரி சொல்றேன், சுவரு பக்கத்துல நின்னு பாருங்க, விழுந்து தொலைக்காதீங்க. குதிகால்ல மட்டும் ஊனி நாலடி நடங்க. அப்பறம் ஒத்தக்கால்ல நின்னு குதிகால தூக்கி தூக்கி இறக்குங்க, ரெண்டு காலும் ஒரே மாதிரி பலமா இருக்கான்னு. பஞ்ச எடுத்து ரெண்டு பாதத்துலயும் ஒரே இடத்துல தொடச்சொல்லி கண்ண மூடிட்டு வித்தியாசம் தெரியுதான்னு சொல்லுங்க. கடைசியா ரெண்டு பெருவிரலையும் மேல தூக்கி வச்சுக்கிட்டு யாராச்சும் கீழ அமுக்கச் சொல்லுங்க, எது தோக்குதுன்னு.

இன்னொன்னு இருக்கு, மல்லாக்கப் படுத்துக்கிட்டு முழங்கால மடக்காம இன்னொருத்தர் மெதுவா கால தூக்கணும். தூக்கறப்ப தொடைக்குப் பின்னாடி, முழங்காலுக்குப் பின்னாடி மட்டும் இழுத்தா அது தொடை தசை இறுக்கம், நம்மள்ல பாதி பேருக்கு இருக்கும். கால் 30 டிகிரில இருந்து 70 டிகிரிக்குள்ள தூக்கறதுக்குள்ளயே அந்தக் கரண்ட் அடிக்கிற வலி முழங்காலுக்குக் கீழ இறங்கி, பாதத்த முகத்துப் பக்கம் மடக்கினா இன்னும் ஏறுச்சுன்னா நரம்புதான் சந்தேகம். வலிச்சதும் நிறுத்திரணும், எவ்வளவு தூரம் போகும்னு பந்தயம் வேண்டாம்.

இதெல்லாம் டாக்டருக்கு பதில் இல்ல, போறப்ப சரியா சொல்றதுக்கு. ஆனா இதுல எதையும் பாத்துட்டு இருக்காம உடனே எமர்ஜென்சிக்கு ஓட வேண்டிய அறிகுறிங்க இருக்கு. சைக்கிள் சீட்டுல படற இடம், அதாவது பிறப்புறுப்பு ஆசனவாய் சுத்தி மரத்துப் போறது, ஒன்னுக்கு வராம அடைச்சுக்கறது இல்ல தெரியாமலே போறது, மலம் அடக்க முடியாம போறது, ரெண்டு காலும் பலமிழக்கறது. இடுப்புக்குக் கீழ இருக்கற நரம்புக் கத்தையே நசுங்குதுன்னு அர்த்தம், ஆபரேஷன் மணிக்கணக்குல தள்ளிப் போனாலும் நஷ்டம். ராத்திரி ரெண்டு மணின்னாலும் கிளம்பணும்.

கோவை_மெடிக்கல்ஸ்:
மருந்துக்கடைல இருக்கறவன்ங்கற முறைல நரம்பு ஊசி பத்தி ரெண்டு வார்த்தை. அந்த சிவப்பு ஊசில இருக்கறது பி12 வகையறா வைட்டமின். உடம்புல பி12 குறைஞ்சிருக்கறவங்களுக்கு அது தங்கம், குறையாதவங்களுக்கு டிஸ்க் அழுத்தறத அது எப்படி எடுக்கும்? நரம்பு வலின்னு சீட்டு இல்லாம வந்து கேக்கறவங்க கூட்டம் தினமும் பாக்கறேன்.

அடுத்தது பிரிகாபலின்னு ஒரு நரம்பு வலி மருந்து. பக்கத்து வீட்டுக்காரருக்கு டாக்டர் எழுதினாரு, எனக்கும் குடுங்கன்னு வருவாங்க. சர்க்கரைல வர்ற நரம்பு எரிச்சலுக்கும் அக்கி வந்துட்டுப் போன வலிக்கும் அது வேலை செய்யுது, சந்தேகமில்ல. ஆனா இந்த முதுகுல இருந்து கால் இறங்கற வலிக்கு 2017ல ஆஸ்திரேலியாவுல 209 பேரை வச்சு பாத்தாங்க, பாதி பேருக்கு பிரிகாபலின், பாதி பேருக்கு வெத்து மாத்திரை. எட்டு வாரத்துல கால் வலில சொல்லிக்கிற வித்தியாசம் இல்ல, தலைசுத்தல்தான் மருந்து சாப்பிட்டவங்களுக்கு அதிகம். மிஷின்ல உக்கார்றவருக்குத் தலைசுத்தல், தூக்கக் கலக்கம் எல்லாம் தேவையா யோசிங்க. ஏற்கனவே சாப்பிட்டுட்டு இருக்கறவங்க இதப் படிச்சுட்டு பொசுக்குன்னு நிறுத்திராதீங்க, அத படிப்படியாதான் குறைக்கணும், எழுதின டாக்டர்கிட்ட பேசுங்க.

வலி மாத்திரையும் அப்படித்தான், டைக்ளோஃபெனாக் மாதிரி ஐட்டத்த வெறும் வயித்துல போட்டு, அதுலயும் பிபி, கிட்னி பிரச்சனை இருக்கறவங்க மாசக்கணக்குல போட்டு வர்றாங்க. வேணாம்ங்க.

தஞ்சாவூர்_பொண்ணு:
தலைப்பப் பாத்துட்டு உள்ள வந்தேன், கால் வலி இல்ல, ஆனா இதே குழப்பத்துல எங்க வீட்ல நடந்தத சொல்றேன், யாருக்காச்சும் உதவும். அம்மாவுக்கு முதுகுல இருந்து ஆரம்பிச்சு விலாவ சுத்திக்கிட்டு மார்புக்குக் கீழ வரைக்கும் ஒரே பக்கமா பட்டை மாதிரி எரிச்சல். வாயு பிடிப்புன்னு பூண்டு உரிச்சு சாப்டாங்க, தைலம் தேச்சாங்க, தேய்க்கவே விடல, ரவிக்கைத் துணி பட்டாலே கத்தறாங்க. எனக்கு அதுதான் விசித்திரமா இருந்துச்சு, அழுத்தினா வலிக்கிறது சரி, துணி உரசினா கூடவா? ரெண்டு நாள் கழிச்சு அதே பட்டைல கொத்து கொத்தா கொப்புளம். அக்கி! பாட்டி உடனே குயவர் வீட்டுக்குப் போய் காவி குழைச்சு அக்கி எழுதிட்டு வரணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. பாட்டி மனசுக்கு எழுதிட்டே வந்தோம், ஆனா அதே நாள் சாயங்காலம் டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போயிட்டோம். கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள்ள அசைக்ளோவிர் மாதிரி மாத்திரை ஆரம்பிச்சாதான் முழுப் பலன்னு அவரு சொன்னாரு, கொப்புளத்து மேல எதையும் பூசாதீங்கன்னு ஒரு திட்டும் விழுந்துச்சு.

சின்ன வயசுல சின்னம்மை போட்ட கிருமி நரம்பு முடிச்சுலயே ஒளிஞ்சு கிடந்து வயசானப்பறம் அந்த ஒரு நரம்பு போற பாதைலயே வெளிய வருதாம், அதனாலதான் நடுக்கோட்ட தாண்டாம ஒரு பக்கமா வருது. கொப்புளம் காஞ்சு ரொம்ப நாள் ஆகியும் அம்மாவுக்கு அந்த இடத்துல எரிச்சல் விட்டு விட்டு இருக்கு. லேசா தொட்டாலே எரியுதுன்னா சதைய விட்டுட்டு நரம்ப யோசிங்க.

சுகர்_சீனியர்:
என் பங்குக்கு. 60 தாண்டியாச்சு, சர்க்கரை ரொம்ப வருஷமா. எனக்கு ரெண்டு பாதமும் ஒண்ணா எரியும், அடியில மெத்தை மேல நடக்கற மாதிரி, சாக்ஸ் போட்ட அளவுக்கு மரத்திருக்கு. கேள்வி கேட்ட தம்பிக்கு ஒரு காலு, மேல இருந்து கீழ இறங்குது, எனக்கு ரெண்டு காலு, விரல்ல இருந்து மேல ஏறுது, இது வேற அது வேற. செருப்பு கழண்டு விழுந்தது தெரியாமலே ரோட்டத் தாண்டி வந்திருக்கேன், பின்னாடி வந்த பையன்தான் எடுத்துக் குடுத்தான். டாக்டர் ஒரு நைலான் நரம்பு மாதிரி இருக்கறத பாதத்துல குத்தி தெரியுதா தெரியுதான்னு கேப்பாரு, 10 கிராம் அழுத்தத்துக்கு வளையுமாம், அது கூட தெரியலன்னா புண்ணு வந்தாலும் தெரியாதுன்னு அர்த்தம். இன்னொன்னு, மெட்ஃபார்மின்ங்கற சர்க்கரை மாத்திரை ரொம்ப வருஷம் சாப்பிடறவங்களுக்கு பி12 குறையலாம், அத ரத்தத்துல பாத்துட்டு அப்பறம் ஊசி போட்டா அர்த்தம் இருக்கு, மெடிக்கல்ஸ் தம்பி சொன்னது சரி. கால்ல எரிச்சல்னு வெந்நீர்ல மட்டும் வைக்காதீங்க, சூடு தெரியாம வெந்து போனவங்கள பாத்திருக்கேன்.

பவர்டேபிள்_திருப்பூர்:
எல்லாத்துக்கும் நன்றிங்க. அக்கா சொன்னதெல்லாம் ராத்திரி பண்ணிப் பாத்தோம். குதிகால்ல நடக்க வருது ஆனா வலது பாதம் சீக்கிரமே சோர்ந்து இறங்கிருது. ஒத்தக்கால்ல எக்கறது ரெண்டும் சமம். பஞ்சு, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல வலது பக்கம் பட்டும் படாம மங்கலா இருக்கு. பெருவிரல வீட்டுக்காரம்மா அமுக்கினா இடது நிக்குது, வலது பொதுக்குன்னு இறங்கிருது, அவங்களுக்கே ஆச்சரியம், நீங்க வேணும்னே விடறீங்களான்னு கேக்கறாங்க. கால தூக்கினப்ப பாதி கூட தூக்கல, பாதம் வரைக்கும் சுளீர்னு வந்துருச்சு. ஒன்னுக்கு ரெண்டுக்கு எந்தப் பிரச்சனையும் இல்லீங்க. நேரா எம்ஆர்ஐ எடுத்துரலாமா? ஸ்கேன் சென்டர்ல ஆஃபர் போட்ருக்காங்க.

பிசியோ_அக்கா:
நீங்க சொல்றது எல்லாமே எல்5 பக்கம் கை காட்டுது. பலம் குறைஞ்சிருக்கறதால இனி அடுத்த வாரம் பாத்துக்கலாம்ங்கறது கிடையாது, நாளைக்கோ மறுநாளோ போயிடுங்க. எலும்பா நரம்பான்னு மண்டைய உடைச்சுக்க வேண்டாம், ஆர்த்தோ டாக்டரே இதுக்குப் போதும், தேவைப்பட்டா நியூரோவுக்கு அவரே அனுப்புவாரு. இஎஸ்ஐ கார்டு இருந்தா டிஸ்பென்சரில ஆரம்பிங்க, இல்லன்னா ஜிஹெச் ஆர்த்தோ ஓபி. சுத்தியலால தட்டி, ஊசி முனைல தொட்டுப் பாக்கற டாக்டரா இருந்தா நல்ல டாக்டர்கிட்டதான் வந்திருக்கீங்கன்னு அர்த்தம். நடக்கறப்ப பாதம் தட்டுனு தரையில அடிக்குது, நுனி தடுக்குதுன்னா அன்னைக்கே போகணும்.

எம்ஆர்ஐய நீங்களா போய் எடுக்காதீங்க. வலியே இல்லாத 3110 பேரோட ஸ்கேன் முடிவுகள ஒண்ணா சேத்துப் பாத்து 2015ல ஒரு கட்டுரை வந்துச்சு, அதுல 20 வயசுக்காரங்கள்லயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம், 50 வயசுல 60 சதவீதம். எந்த வலியும் இல்லாதவங்களுக்கு! ரிப்போர்ட்ல பல்ஜ்னு பாத்ததும் முதுகு போச்சுன்னு படுக்கைல விழறவங்க எத்தனை பேரு தெரியுமா. உங்க பெருவிரல் சொல்றதும் ஸ்கேன்ல தெரியறதும் ஒரே வேர்ல பொருந்தினாதான் அந்தப் படத்துக்கு மதிப்பு, அத டாக்டர் பாத்து எழுதட்டும்.

வைகைக்கரை:
அக்கா கோச்சுக்காதீங்க, ஒரு சந்தேகம். என் மாமாவுக்கு நடந்தா கெண்டைக்கால் வலிக்குது, நின்னா போயிருது, திரும்ப நடந்தா திரும்ப வலி. இது இதுல எதுல சேரும்?

பிசியோ_அக்கா:
கோவமெல்லாம் இல்ல தம்பி. நின்ன இடத்துலயே நின்னா ரெண்டு மூணு நிமிஷத்துல போகுதா, இல்ல குனிஞ்சாலோ உக்காந்தாலோதான் போகுதா, அதக் கேளுங்க. சும்மா நின்னாலே போனா காலுக்குப் போற ரத்தக் குழாய் அடைப்பா இருக்கலாம், பீடி சிகரெட் பழக்கம், சர்க்கரை இருந்தா சந்தேகம் இன்னும் ஜாஸ்தி, டாக்டர் பாதத்துல நாடி பாப்பாரு. குனிஞ்சா உக்காந்தா மட்டும் விட்டுச்சுன்னா முதுகுத்தண்டு கால்வாய் சுருங்கியிருக்கலாம், அவங்க நடக்கத் தடுமாறுவாங்க ஆனா சைக்கிள் நல்லா ஓட்டுவாங்க, ஏன்னா ஹேண்டில்பார புடிச்சு குனிஞ்சுதானே ஓட்டறோம். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீர்னு வீங்கி சூடா இருந்தா எண்ணெய் போட்டு உருவவே கூடாது, ரத்தம் உறைஞ்சிருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரி.

பவர்டேபிள்_திருப்பூர்:
போயிட்டு வந்தேனுங்க. அக்கா சொன்ன அதே பெருவிரல்தான் அவரும் முதல்ல அமுக்கினாரு. எல்5 வேர் அழுத்தம்ங்கறாரு, பலம் குறைஞ்சது லேசாத்தான் இருக்காம், மாத்திரை குடுத்து ரெண்டு வாரத்துல வரச் சொல்லியிருக்காரு, அதுக்குள்ள பாதம் இன்னும் இறங்குச்சுன்னா உடனே வரணுமாம், அப்ப ஸ்கேன். நிறைய பேருக்கு 6ல இருந்து 12 வாரத்துல ஆபரேஷன் இல்லாமயே அடங்கிரும்னாரு. படுத்தே கிடக்காத, முடிஞ்ச அளவு நட, வெயிட் தூக்காதன்னாரு. அம்மாகிட்ட எண்ணெய் வேண்டாம்னு சொல்லியாச்சு, மூஞ்சிய தூக்கி வச்சிருக்காங்க. வேலைக்குப் போலாமான்னு கேட்டேன், உக்கார்ற முறைய மாத்திட்டுப் போன்னாரு, எப்படி மாத்தறதுன்னு கேக்கறதுக்குள்ள அடுத்த ஆள கூப்பிட்டாங்க.

பிசியோ_அக்கா:
அம்மாவுக்கு ஒரு வேலை குடுங்க, இடுப்புக்கு மட்டும் இளஞ்சூட்டுல ஒத்தடம் குடுக்கச் சொல்லுங்க, இறுகின தசைக்கு அது நல்லது, அவங்களுக்கும் திருப்தி. மரத்த பாதத்துல வேண்டாம்.

வேலைக்கு: பேன்ட் பின் பாக்கெட்ல பர்ஸ் வச்சு உக்கார்றீங்கன்னா முதல்ல அத எடுத்துருங்க. ஸ்டூல் குட்டையா இருந்தா ஏத்துங்க, இடுப்பு முழங்காலுக்குக் கொஞ்சம் மேல இருக்கணும். பெடல எக்கி மிதிக்கற தூரத்துல வைக்காதீங்க, கால நீட்டி நீட்டி மிதிச்சா ஒவ்வொரு மிதிக்கும் அந்த நரம்பு இழுபடும், பெடல் உள்ள தள்ளி இருக்கட்டும் இல்ல நீங்க கிட்டப் போங்க. ஒரு பண்டல் முடிஞ்சு அடுத்த பண்டல் எடுக்கறப்ப உக்காந்தபடியே குனிஞ்சு தரையில இருந்து இழுக்காம எந்திரிச்சுப் போய் எடுங்க, பண்டல ஒரு பெஞ்சு மேல வைக்கச் சொல்லி ஹெல்பர்கிட்ட கேளுங்க. பீஸ் கொஞ்சம் குறையும்தான், லீவு போடறதுக்கு இது பரவால்ல. வலி பாதத்துல இருந்து மேல ஏறி தொடை, அப்பறம் புட்டம்னு சுருங்கிக்கிட்டே வந்தா நல்ல திசைல போகுதுன்னு அர்த்தம், அப்ப இடுப்புல வலி கொஞ்சம் கூடினாலும் பயப்படாதீங்க. ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப அமுக்கிப் பாத்துட்டு பெருவிரல் எப்படி இருக்குன்னு இங்க எழுதுங்க.